வளைகோட்டை வசப்படுத்திய பொறியாளர்

இந்தக் கட்டுரையை நீங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கண்முன் நிற்கும் தமிழ் எழுத்துகளின் வளைவுகள் யாவும் ஒரு பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் வழங்கும் வளைகோடுகளே. ழகரத்தின் சுழிவும் ணகரத்தின் வளையங்களும் எழுத்துருக் கோப்பில் படங்களாக இல்லை; சில புள்ளிகளாகவும் ஒரு கணக்கீட்டு முறையாகவும் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கணக்கீட்டு முறை எழுத்துகளுக்காகப் பிறந்ததன்று. மோட்டார் காரின் வெளித்தகட்டை வடிவமைப்பதற்காகப் பிறந்தது. அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் பியர் பெசியே.

தொழில்நுட்ப மாற்றத்தின் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் என்ற முறையில் ஓர் ஒப்புதலைச் செய்தாக வேண்டும். எங்கள் பாடநூல்கள் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தைச் சொல்லும். ஹென்றி ஃபோர்டின் நகரும் பொருத்துவரிசையைச் சொல்லும். பிறகு ஒரே தாவலில் கணினியுகத்துக்கு வந்துவிடும். உற்பத்திச் சார்பில் உழைப்புக்கு இடமுண்டு, மூலதனத்துக்கு இடமுண்டு. பொருள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வரைபட அறைக்கு இடமில்லை. நானும் அப்படியேதான் படித்தேன்; அப்படியேதான் கற்பித்தேன். பெசியேயின் வாழ்க்கையைப் பற்றி ஓய்வுபெற்ற பின்னரே படிக்க நேர்ந்தது.

1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி பாரீஸில் பிறந்தவர் அவர். தந்தையும் பாட்டனாரும் பொறியாளர்கள். 1930-இல் எந்திரவியல் பட்டமும் அடுத்த ஆண்டே மின்பொறியியல் பட்டமும் பெற்றார். எந்திரவியல் பயின்ற 'ஆர் எ மெத்தியே' பள்ளி, கோட்பாட்டோடு பட்டறைப் பயிற்சிக்கும் பெயர்பெற்றது. மாணவர்கள் அரமும் சுத்தியலும் பிடித்த பிறகே சூத்திரங்களுக்கு வருவார்கள். பின்னாளில் பெசியே கணிதத்தைக் கையாண்ட விதத்தில் இந்தப் பட்டறை வாசம் கடைசிவரை போகவில்லை என்பது என் எண்ணம்.

1933-இல் ரெனால்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டு பட்டங்கள் இருந்தும் இயந்திரங்களில் வெட்டுக்கருவிகளைப் பொருத்திச் சரிசெய்யும் வேலையிலிருந்துதான் தொடங்கினார். பிறகு கருவி வடிவமைப்பாளரானார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். முகாமில் இருந்த காலத்தில், ஓர் உலோகத் துண்டு மனிதக் கை படாமல் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்ந்து, ஒவ்வொரு நிலையத்திலும் துளையிடப்பட்டும் கடையப்பட்டும் வெளியேறும் தானியங்கி இயந்திர வரிசையைப் பற்றி அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்தபோது ரெனால்ட் நாட்டுடைமையாகியிருந்தது. 1945-இல் கருவி வடிவமைப்பு அலுவலகத்தின் தலைவரானார் பெசியே. 1948-இல் உற்பத்திப் பொறியியல் இயக்குநர். போரில் நொடித்துப்போன பிரான்ஸுக்கு நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய சிறிய கார் தேவைப்பட்டது. 1946-ஆம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் அறிமுகமான ரெனால்ட் 4சிவி அத்தகைய கார். 10 லட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரெஞ்சுக் கார் அதுதான். அதன் எந்திர உறுப்புகளில் பெரும்பாலானவற்றைத் தயாரித்த தானியங்கி வரிசைகள் பெசியேயின் பொறுப்பில் உருவானவை. அத்துடன் ஓய்வு பெற்றிருந்தாலும் பிரெஞ்சுத் தொழில்துறை வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

ஆனால், இயந்திரங்கள் தானியங்கியான பிறகு ஒரு முரண் அவர் கண்ணை உறுத்தியது. எஞ்சினின் உறுப்புகளை நுண்மையாகக் கடைந்தெடுக்க முடிகிறது. ஏனெனில், அவை பெரும்பாலும் தளங்களும் உருளைகளும் கூம்புகளும்தாம். ஒரு விட்டமும் ஒரு நீளமும் சொன்னால் போதும். உலகின் எந்த மூலையிலும் அதே உருளையைக் கடையலாம். காரின் வெளித்தகடு அப்படியன்று. மட்காப்பின் வளைவுக்கும் முன்மூடியின் புடைப்பிற்கும் எந்த எண்ணும் கிடையாது. அவற்றை எவ்வாறு சொல்வது?

அன்றைய நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அழகியல் வடிவமைப்பாளர் முதலில் ஓவியம் வரைவார். அதைப் பார்த்துக் களிமண்ணில் மாதிரி செய்வார்கள். அந்த மாதிரியைக் குறுக்காக வெட்டினால் எப்படித் தோன்றும் என்று அங்கங்கே அளந்து, வளைவுப் பட்டைகளையும் மெல்லிய மரச் சட்டங்களையும் வைத்து வரைவாளர்கள் முழு அளவில் கோடு இழுப்பார்கள். அந்தக் கோடுகளிலிருந்து வார்ப்பட்டைகள் செய்து, மரத்திலோ சுண்ணச் சாந்திலோ மூலமாதிரி ஒன்றைத் தச்சர்கள் செதுக்குவார்கள். அந்த மூலமாதிரியைத் தடவி நகலெடுக்கும் இயந்திரங்கள், தகட்டை அழுத்தி வளைக்கும் எஃகு அச்சுகளை வெட்டும். கடைசியில் கைத்தேர்ச்சி மிக்கவர்கள் அந்த அச்சுகளைத் தேய்த்து மெருகூட்டுவார்கள்.

ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேரும். வரைபடம் ஒன்று சொல்லும். மூலமாதிரி வேறொன்று சொல்லும். அச்சு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். இதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. வரைபடம் வெட்டுமுகங்களை மட்டுமே காட்டியது. இரண்டு வெட்டுமுகங்களுக்கு நடுவே தகடு எப்படி வளைய வேண்டும் என்பது எந்தத் தாளிலும் இல்லை. தச்சரின் கைப்பழக்கத்தில் இருந்தது. கதவும் சட்டமும் பொருந்தாதபோது தவறு யாருடையது என்று தீர்ப்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோலே இல்லை. மூலமாதிரிதான் இறுதி நடுவர். அதுவோ ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறக்கூடிய பொருள்.

பொருளியலில் பரிவர்த்தனைச் செலவு என்றொரு கருத்து உண்டு. ஒரு பொருளைச் செய்வதற்கான செலவன்று. அதைப் பற்றிப் பேசி ஒத்துப்போவதற்கு ஆகும் செலவு. ஓவியத்திலிருந்து அச்சுவரை காலம் நீண்டதில் கணிசமான பங்கு இத்தகைய செலவே. வடிவத்தைச் சொல்வதற்குப் பொதுமொழி இல்லாததால் ஒவ்வொரு துறையும் மற்றொரு துறையோடு வழக்காடிக்கொண்டிருந்தது.

1960-இல், தமது ஐம்பதாவது வயதில், பெசியே இதைக் கையிலெடுத்தார். அப்போது அவர் ரெனால்டின் இயந்திரக் கருவிப் பிரிவின் இயக்குநர். எண்களால் இயக்கப்படும் துளையிடு இயந்திரங்களும் செதுக்கு இயந்திரங்களும் அவர் பிரிவில் உருவாகிக்கொண்டிருந்தன. இயந்திரத்துக்கு எண்கள் புரியும்; ஆகவே காரின் வடிவத்தையும் எண்களாக்கிவிட்டால், ஓவியரின் மேசையிலிருந்து எஃகு அச்சுவரை ஒரே மொழி ஓடும். வாதம் எளிமையானது. எண்ணாக்குவது எப்படி என்பதுதான் கேள்வி.

வளைவின் மீது ஆயிரம் புள்ளிகளை அளந்து இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே உள்ள வடிவத்தை நகலெடுப்பதாகுமே தவிர, புதிய வடிவத்தை ஆக்குவதாகாது. ஒரு புள்ளியை நகர்த்தினால் அந்த இடத்தில் மட்டும் மேடு விழும். பெசியே வேறு வழியில் யோசித்தார். ரப்பரால் ஆன ஒரு கனசதுரத்துக்குள் வளைந்த கம்பி ஒன்று புதைந்திருப்பதாகக் கொள்ளுங்கள். கனசதுரத்தைச் சாய்த்தாலோ நீட்டினாலோ உள்ளே இருக்கும் கம்பியும் அதற்கிசைந்து, முறுக்கல் இன்றி, வேறொரு வளைவாகும். ஆகவே வளைவைத் தொடாமல், அதைச் சூழ்ந்திருக்கும் சட்டகத்தை மாற்றினால் போதும். அவருடைய தொடக்க எண்ணம் இதுதான். பிறகு இதையே பல்லுறுப்புக் கோவைகளாக வடித்தார்.

இன்று நாம் அறிந்த வடிவத்தில் சொல்வதானால், நான்கு புள்ளிகள் போதும். வளைகோடு முதற்புள்ளியில் புறப்பட்டு நான்காவதில் முடியும். நடுவிலுள்ள இரண்டின் வழியாக அது பொதுவாகச் செல்வதில்லை. அவற்றை நோக்கி இழுபட்டு வளையும். புறப்படும் திசையை இரண்டாவது புள்ளி தீர்மானிக்கும். வந்துசேரும் திசையை மூன்றாவது தீர்மானிக்கும். நம் வீட்டு வாசலில் இடும் சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருப்போம். கணக்கு வேறு என்றாலும், புள்ளி கோட்டின் மேல் இல்லாமலே கோட்டை ஆளும் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள அந்த ஒப்புமை எனக்கு உதவியது.

இதன் பெருமை கணித நுட்பத்தில் இல்லை. கணிதம் அறியாதவர் கையாளக்கூடியதாக இருந்ததில்தான் இருந்தது. சூத்திரம் கணினிக்குள் இருக்கும். வரைவாளர் புள்ளியை நகர்த்துவார்; கோடு மாறுவதைப் பார்ப்பார்; கண்ணுக்குப் பிடிக்கும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பார். வரைவாளரையும் அழகியல் கலைஞரையும் கணிதவியலராக்க பெசியே முயலவில்லை. அவர்களுக்குப் பழக்கமான வேலைமுறைக்குக் கணிதத்தை இறக்கிக் கொண்டுவந்தார்.

வரவேற்பு இருந்ததா என்றால், இல்லை. அந்த அமைப்பு அவ்வளவு சிறந்ததாக இருந்தால் அமெரிக்கர்கள் முன்பே கண்டுபிடித்திருப்பார்களே என்று நிறுவனத்தின் உயர்மட்டத்தில் ஒருவர் கேட்டதாக பெசியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். நாட்டின் பெயரை மட்டும் மாற்றி இதே வாதத்தை எத்தனை குழுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்! ஃபிரான்ஸ் போன்ற நாட்டிலும் இந்தத் தாழ்வுணர்ச்சி இருந்தது என்பது ஒருவகையில் ஆறுதல்தான்.

இன்னொரு செய்தியும் சுவையானது. தமது சார்புகளை ஒனெசிம் துரான் என்ற பேராசிரியருடையவை என்று விளையாட்டாகக் குறிப்பிட்டு வந்தார் பெசியே. அப்படி ஒரு பேராசிரியர் இருந்ததே இல்லை. பேராசிரியர் என்ற அடைமொழி ஒரு கருத்துக்கு எவ்வளவு மதிப்பைத் தேடித்தரும் என்பதை அந்த அடைமொழியோடு வாழ்நாள் முழுவதும் இருந்த நான் மறுக்க இயலாது.

1968-இல் 'யுனிசர்ஃப்' என்ற பெயரில் அந்த அமைப்பு உருப்பெற்றது. கணினி வளைவைக் கணக்கிடும். வரைபொறி அதை முழு அளவில் தாளில் இழுக்கும். செதுக்குப்பொறி மென்மையான நுரைப்பொருளில் முப்பரிமாண மாதிரியை வெட்டித் தரும். பிடிக்கவில்லை என்றால் எண்களை மாற்றி மறுபடியும் வெட்டலாம். தொழிற்சாலையில் அது முழுப் பயன்பாட்டுக்கு வர 1970-களின் நடுப்பகுதி ஆயிற்று. அமெரிக்காவிலும் அதே காலத்தில் முயற்சிகள் நடந்தன. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் திரையில் ஒளிப்பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை உருவாக்கினார். அங்கேயே ஸ்டீவன் கூன்ஸ் பரப்புகளின் கணிதத்தை வகுத்தார். இவர்களோடு ஒப்பிடும்போது பெசியேயின் தனித்தன்மை, தொழிற்சாலைத் தளத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் தொழிற்சாலைத் தளத்துக்கே வந்துசேர்ந்ததுதான்.

இனி, பொருளியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

பெசியேக்கு முன்பே, 1959-இல், அதே பாரீஸ் நகரில் போட்டி நிறுவனமான சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோ என்ற இளம் கணிதவியலர் அதே வளைகோட்டைக் கண்டறிந்திருந்தார். அவருடைய வழி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. நான்கு புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் மூன்று கோட்டுத்துண்டுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு. அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று. அதன் நடுப்புள்ளி வளைகோட்டின் மேல் இருக்கும். நடுப்புள்ளிக்குப் பதிலாக வேறு விகிதத்தை எடுத்தால் வளைகோட்டின் வேறு புள்ளி கிடைக்கும். பள்ளி மாணவரும் அளவுகோலால் செய்துபார்க்கலாம்.

ஆனால் சித்ரோயன் அதைத் தொழில் இரகசியமாகப் பூட்டிவைத்தது. தெ காஸ்தெல்ஜோவின் அறிக்கைகள் நிறுவனத்துக்கு வெளியே போகவில்லை. ரெனால்டில் பெசியே தனித்தே உழைத்து அதே இடத்தை அடைந்து, 1966-லும் 1967-லும் ஃபிரெஞ்சு இதழொன்றில் தமது முறையை வெளியிட்டார். பிறகு அதை நூலாகவும் எழுதினார். 1972-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபின் ஃபாரஸ்ட் அதை ஆராய்ந்து, 1912-இல் செர்கே பெர்ன்ஸ்டைன் வேறொரு தேற்றத்தை நிறுவுவதற்காக அமைத்த பல்லுறுப்புக் கோவைகளே இவை என்று காட்டினார். உண்மைச் சார்பை மிக மெதுவாகவே நெருங்குகின்றன என்பதால் நடைமுறைக்கு உதவாதவை என ஒதுக்கப்பட்டிருந்த கோவைகள் அவை. வடிவத்தைத் துள்ளவிடாமல் நிதானமாகப் பின்பற்றும் அதே குணம், வடிவமைப்பாளருக்கு வரமாகிவிட்டது. ஒருவர் வெளியிட, இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் விரிவாக்க, அந்த வளைகோடு உலகின் பொதுச்சொத்தாயிற்று. தெ காஸ்தெல்ஜோவின் முன்னுரிமை வெளியுலகுக்குத் தெரியவந்தது 1975 வாக்கில்தான்.

1962-இல் கென்னத் ஆரோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை எங்கள் துறையினர் அறிவர். அறிவைப் பகிர்வதற்குச் செலவு மிகக் குறைவு. எனவே சமுதாய நோக்கில் அது தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் தாராளமாகக் கிடைத்தால் அதை உருவாக்கப் பணம் போடுபவர் யார் என்ற சிக்கலை அது எழுப்பியது. சித்ரோயனும் ரெனால்டும் இதற்கு எதிரெதிரான விடைகளை அளித்தன. ரெனால்ட் அரசு நிறுவனம் என்பதால்தான் வெளியிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். இரகசியத்தால் சித்ரோயனுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னிலை கிடைத்திருக்கலாம். ஆனால் பிறர் அந்த முறையைச் செப்பனிட்டு அதன் பயனைத் திருப்பித் தரும் வாய்ப்பை அது இழந்தது. வெளியிட்டதால் ரெனால்ட் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆதாயத்தை மட்டும் சொல்லி இழப்பை மறைப்பது முறையன்று. வளைவைக் கையால் அறிந்திருந்த மூலமாதிரித் தச்சர்களும், முழு அளவு வரைபடம் இழுத்த வரைவாளர்களும் என்ன ஆனார்கள்? சிலர் கணினிக்கு மாறினார்கள். அந்தத் தொழில் பழைய வடிவில் மிஞ்சவில்லை. நம் ஊரிலும் பொறியியல் மாணவர்கள் 'டிராஃப்டர்' கருவியையும் வரைதாள் குழலையும் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிய காலம் என் நினைவில் இருக்கிறது. அந்தக் கருவியோடு ஒரு கைப்பழக்கமும் போய்விட்டது. இன்று எடையையும் வலிமையையும் மூலப்பொருளையும் சொன்னால் மென்பொருளே பல வடிவங்களை முன்வைக்கும் நிலை வந்துவிட்டது. பெசியேயின் அமைப்பில் கணினி கணக்கிட்டது. எந்த வளைவு நன்றாக இருக்கிறது என்று மனிதர் முடிவுசெய்தார். அந்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது.

நம்மைப் பொருத்தவரை எனக்கு வேறொரு கவலை. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனால்ட் கார்கள் உற்பத்தியாகின்றன. வடிவமைப்பு மென்பொருளைத் திறம்பட இயக்கும் இளைஞர்கள் நம்மிடம் ஏராளம். அம்மென்பொருளின் உள்ளே இருக்கும் கணிதத்தை ஆக்குபவர்கள் மிகச் சிலரே. பொறியியல் கல்லூரிகளில் கட்டளைகளைக் கற்பிக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கையாவது, நான்கு புள்ளிகளிலிருந்து ஒரு வளைகோடு எப்படிப் பிறக்கிறது என்று தாளில் வரைந்து காட்டச் செலவிடலாம். அதற்குப் பென்சிலும் அளவுகோலும் போதும். உரிமக் கட்டணம் இல்லை.

பெசியே 1968 முதல் 1979 வரை பாரீஸில் உள்ள தேசியக் கலை மற்றும் தொழிற்கல்வி நிலையத்தில் உற்பத்திப் பொறியியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். ஃபிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உருவான, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் கற்பிக்கும் நிறுவனம் அது. 42 ஆண்டுகாலப் பணிக்குப் பின் 1975-இல் ரெனால்டிலிருந்து ஓய்வுபெற்றார். அதன் பிறகு, 1977-இல், பாரீஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். உலகமே அவருடைய பெயரில் ஒரு வளைகோட்டைக் கற்பிக்கத் தொடங்கிய பிறகு, அறுபதுகளின் பிற்பகுதியில், அந்த வளைகோட்டின் கணிதத்துக்காக அவர் ஒரு மாணவராகப் பதிந்துகொண்டார். பதவி உயர்வுக்காகவே ஆய்வுப் பட்டங்கள் தேடப்படும் சூழலில் வாழ்ந்துவிட்ட எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி இது.

1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழி எழுத்துகளின் வெளிக்கோடுகளை அவருடைய வளைகோடுகளால் வரையறுத்தது. கார்த் தகடு அச்செழுத்தானது அப்படித்தான். அடுத்த ஆண்டு, கணினி வரைகலைத் துறையின் உயரிய விருதான ஸ்டீவன் கூன்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, 89-ஆவது வயதில் அவர் மறைந்தார்.

பின்னர், வடிவக் கணிதத் துறையின் அறிஞர் சங்கம் ஒன்று பெசியேயின் பெயரில் விருது ஒன்றை நிறுவியது. 2012-இல் அந்த விருது, எண்பதைக் கடந்திருந்த பால் தெ காஸ்தெல்ஜோவுக்கு அளிக்கப்பட்டது.